பெங்களூர் போன பிடிமண்

தீர்த்தக்காவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அவள் தம்பி குப்புராஜைப் பற்றியும் எழுதித்தான் ஆகவேண்டும். ஊரில் எல்லோரும் பேசுவது அவனைப் பற்றித்தான். ஏரியூர்ப் பக்கத்தில் முதன்முதலாக பி.இ. பாஸ் செய்தவன். மெட்ராஸில் கோட்டு மாட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டவன். நானும் அவனும் தருமபுரி ஹைஸ்கூலில் ஒரே பெஞ்சு. கணக்கு அவனுக்குக் கை கட்டி நின்றது. என்னைக் கண்டால் அது எகிறிக் குதித்து ஓடியது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு மல்லுக்கட்டித் தோற்று, பென்னாகரத்தில் சைக்கிள் கடை வைத்துவிட்டேன். அவன் மேல் எனக்குப் பொறாமை இருந்ததா என்றால், தாராளமாக இருந்தது. ஆனால் அவன் அக்காவைப் பார்க்கும்போது எனக்கு வந்தது வேறு. அதற்கு வியப்பு என்றுதான் பெயர் வைக்க வேண்டும். இன்றைக்கும் அது தீரவில்லை.

அவர்களுடைய ஊர் பள்ளக்கொட்டாய். இப்போது நீங்கள் தேடிப் போனால் கிடைக்காது. மேட்டூரில் அணை கட்டி முடித்த வருஷம் காவேரித் தண்ணீர் தேங்கிப் பின்னால் ஏறி வந்து அந்த ஊரை எடுத்துக்கொண்டது. வெள்ளம் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு வரவில்லை. பூனை மாதிரி வந்தது. நேற்று கம்பு அறுத்த காட்டில் இன்றைக்குக் கணுக்கால் தண்ணீர். நாளைக்கு முழங்கால். சர்க்கார் ஆட்கள் முன்னாடியே வந்து சொல்லியிருந்தார்கள். ஆனால் சொல்வது வேறு, உள்ளே வந்து நிற்பது வேறு இல்லையா? பள்ளிக்கூடத்துப் பையனாக நான் அன்றைக்கு வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். ஆற்றை இப்படி நிறுத்தி வைக்க மனுஷனால் முடியுமா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஊர் முழுக்கக் கூரையைப் பிரித்து, கட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் புறப்பட்டது. மாரியம்மனையும் கொண்டுபோக வேண்டும். பெரிய கல்லைப் பெயர்த்துத் தூக்குவதில்லை அவர்கள். பூசாரி சென்றாயன் அம்மன் காலடியில் ஒரு கைப்பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து, வழியில் எங்கேயும் கீழே வைக்காமல் நடந்தே மேட்டுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பிடிமண்ணைப் போட்டு அதன்மேல் மேடை கட்டினார்கள். அம்மன் வந்துவிட்டாள். மேட்டுக்கொட்டாய் என்ற புது ஊர் அந்த ஒரு கைப்பிடியில் பிறந்தது.

அன்றைக்குத்தான் தீர்த்தக்காவை நான் முதலில் கவனித்தேன். இருபது வயசு இருக்கலாம். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். அம்மா அப்பா முன்னமே போய்விட்டார்கள். அவளும் குப்புராஜும் மட்டும். எல்லோர் வீட்டுச் சாமானும் வண்டி ஏறிவிட்டது. இவள் மட்டும் கூரை பிரித்த வீட்டில் குனிந்து, தரையைச் சாணி போட்டு மெழுகிக்கொண்டிருந்தாள். மெழுகி முடித்து, சுவரோரமாகத் தரையில் செம்மண் கரைத்துப் பட்டை வேறு போட்டாள்.

"முங்கப்போற வூட்டுக்கு எந்தக் கிறுக்கியாவது மொழுகுவாளா?" என்று வண்டிமேல் இருந்து யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"வூட்ட அழுக்கா வுட்டுட்டுப் போறதுக்கு எனக்கு மனசு வல்லீங்க" என்றாள் அவள். கையைக் கழுவிக்கொண்டு, திண்டாடித் தூக்க முடியாமல் விட்ட கல் உரலை ஒருமுறை தடவிவிட்டு, தம்பி கையைப் பிடித்துக்கொண்டு மேடேறினாள்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் சித்திரையில் அணை ஏரி வற்றும்போது அவள் கீழே இறங்கிப் போவாள். தண்ணீர் விலகிய இடத்தில் எங்கும் ஒரே சேறு, வெடித்த வண்டல். சுவர் கிடையாது, தெரு கிடையாது. அந்த உரலின் விளிம்பு மட்டும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அதை வைத்துத்தான் வீடு இருந்த இடம் தெரியும். பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். திரும்பி வந்ததும் தம்பியிடம் ஒரே கேள்வி. "ஏண்டா சாமி, நம்ம வூடு அடியில இருக்குதா, கரைஞ்சு போயிருச்சா?" அவன் ஹைஸ்கூலில் இருந்தபோதும் கேட்டாள், மெட்ராஸில் இஞ்சினீரிங் சேர்ந்த பிறகும் கேட்டாள். "தெரியலக்கா" என்பான். "அப்பறம் என்னதான் சொல்லிக் குடுக்கறாங்க அங்க?" என்பாள். கிண்டலாகக் கேட்பது போல இருக்கும். கிண்டல் இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

கேழ்வரகும் நிலக்கடலையும் விளைவித்து அவனைப் படிக்க வைத்தாள். எப்படி வைத்தாள் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த மேட்டுக்காட்டில் கல்லைப் பொறுக்கினால்தான் மண் தெரியும். அவன் பி.இ. முடித்து வந்தபோது யுத்தமும் முடிந்திருந்தது. பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்கே வேலை இல்லை. மேட்டுக்கொட்டாய்க்காரனுக்கு யார் கொடுப்பார்கள்? கோட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. பட்டதாரி ஏர் பிடித்தான்.

நாற்பத்தாறாம் வருஷம் பங்குனியில் என் கடைக்கு வந்த ஒரு பழைய பேப்பரில்தான் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். தருமபுரி பஸ் கண்டக்டர் படித்து முடித்ததை எனக்குக் கொடுப்பார். எனக்கு நாலு நாள் பழசுதான் புதுசு. பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக் கல்லூரி. இஞ்சினீரிங் பட்டம் வாங்கியவர்களுக்கு இரண்டு வருஷ மேல்படிப்பு, உதவித்தொகையோடு. தேசமெங்கும் புதுசாக அணைகள் வரப்போவதால் மண்ணைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். சர்ட்டிபிகேட்டோடு நேரில் வரவும். தேதியைப் பார்த்தேன். நாளை மறுநாள்.

கடையை அப்படியே போட்டுவிட்டு சைக்கிளை மிதித்தேன். மண்ணைப் படிப்பதற்கும் ஒரு காலேஜா என்ற ஆச்சரியத்திலேயே பாதி தூரம் போய்விட்டது. மீதி தூரத்தில் டயர் பஞ்சராகிவிட்டது. சைக்கிள் கடைக்காரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து மாடு மேய்க்கிறவர்கள் எல்லாம் விசாரித்தார்கள். மேட்டுக்கொட்டாய் போய்ச் சேர்ந்தபோது மாரியம்மன் மேடையில் பம்பை அடித்து ஓய்ந்திருந்தது. பூசாரி சென்றாயன் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. காப்பு கட்டியாகிவிட்டது.

வந்தது வீணாகிவிட்டது என்று தோன்றியது. ஏனென்றால் காப்பு கட்டியபிறகு, திருவிழா முடிந்து அதை அவிழ்க்கிற வரைக்கும் அந்த ஊர்க்காரர் யாரும் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. பகலில் போகலாம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். மீறினால் அம்மன் கோபம் ஊர்மேல் விழும் என்பார்கள். அம்மை வார்த்தாலும் காலரா வந்தாலும் மீறினவன் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். அந்த வீட்டுக்கு யாரும் தண்ணீர், நெருப்புக் கொடுக்க மாட்டார்கள். எனக்கு இந்த மாதிரி சட்டதிட்டங்கள் மேல் என்றைக்குமே பொறுமை இருந்ததில்லை.

பேப்பரை நீட்டிப் பூசாரியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"போயிட்டுப் பொழுதோட வந்துரட்டும். யாரு வேண்டாங்கறது?" என்றார் அவர்.

"பெங்களூருக்குங்களா? கரிவண்டியிலயா?" என்று கத்தினேன். பெட்ரோல் கிடைக்காத காலம் அது. பஸ்ஸின் முதுகில் ஒரு அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு ஊதி ஊதி ஓட்டினார்கள். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். முன்பாவது மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்குச் சின்ன ரயில் இருந்தது. யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி எப்படியும் ஆகும்.

குப்புராஜ் பேப்பரைத் திரும்பத் திரும்பப் படித்தான். பிறகு அழகாக மடித்து என்னிடமே கொடுத்தான். "வுடு வெங்கடாசலம். வேற வரும்" என்றான். அவன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. இனி எதுவும் வராது என்று தெரிந்தவன் குரல் அது.

தீர்த்தக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பூசாரியண்ணா, ஒண்ணு கேக்கறனுங்க. ஆத்தா இந்த மேட்டுக்கு எப்படிங்க வந்தா?"

"இது என்ன கேள்வி? நாந்தான பிடிமண்ணு எடுத்தாந்தேன்."

"எவ்வளவு மண்ணுங்க?"

"ஒரு கைப்பிடி."

"ஒரு கைப்பிடி மண்ணுல ஆத்தாளே கெளம்பி இங்க வந்து ஒக்காந்துக்கிட்டா. அப்பறம் ஒரு கைப்பிடி மண்ணுல நம்மூரு பெங்களூருக்குப் போகாதுங்களா?" என்றாள். "மேடையிலிருந்து பிடிமண்ணு குடுங்க. எந்தம்பி ராத்திரிக்கு அதும்மேல படுக்கட்டும். நம்மூரு மண்ணுல படுத்தவன் நம்மூர்லதானுங்க படுத்தான்?"

 பம்பைக்காரன்கூடக் குச்சியைக் கீழே வைத்துவிட்டான்.  எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகத்தில் நான் முட்டிக்கொண்ட கணக்கு எல்லாம் இப்படி யாராவது போட்டுக் காட்டியிருந்தால் நானும் பாஸ் செய்திருப்பேன்.

பூசாரி வெகுநேரம் யோசித்தார். இல்லை என்று சொன்னால் அம்மன் இங்கே வந்ததும் பொய்யாகிவிடும். அது அவருக்கும் தெரிந்தது. கடைசியில், "எடுத்த மண்ணு எடுத்தபடி திரும்பி வரோணும். ஒரு சிட்டிகை கொறஞ்சாலும் பழி உன் வூட்டு மேலதான் தாயி" என்றார்.

"சரிங்க" என்றாள்.

அந்த மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து, துணியை ஒரு பைக்குள் வைத்து, பையின் வாயைத் தைத்து, குப்புராஜ் கழுத்தில் மாட்டிவிட்டாள். கோட்டுக்கு மேலே அந்தப் பையோடு அவன் பஸ் ஏறியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

பெங்களூரில் நடந்ததை அவன் சொல்லித்தான் கேட்டேன். முதல் ராத்திரி ஒரு சத்திரத்தில் பையை முதுகுக்கு அடியில் வைத்துப் படுத்தானாம். காலையில் காலேஜ். கோயில் கோபுரம் மாதிரி உயரமான கல் கட்டடத்தையும், வரிசையாக நிற்கும் பெரிய மரங்களையும் பார்த்ததுமே பாதி உயிர் போய்விட்டதாம். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். ஒருவர் கன்னடக்காரப் பேராசிரியர். சீமைக்குப் போய் மண் சாஸ்திரம் படித்துவிட்டு வந்தவர். கேள்விகளுக்கெல்லாம் இவன் டாண் டாணென்று பதில் சொல்லியிருக்கிறான்.

முடிகிற சமயத்தில் பேராசிரியர், "கழுத்தில் என்ன பை? சாப்பாடா?" என்று கேட்டிருக்கிறார்.

"மண் சார்" என்றிருக்கிறான்.

அவர் முகம் மலர்ந்துவிட்டதாம். மண் படிப்புக்கு வந்தவன் கையோடு மண்ணும் கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார். மேஜைமேல் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்து, "நல்லது. கொஞ்சம் எடுத்து நனைத்து, கையில் உருட்டித் திரி மாதிரி இழுத்துக் காட்டு. அது களிமண்ணா, எப்படிப்பட்டது என்று சொல்லு" என்றாராம். மண் சாஸ்திரத்தில் அதுதான் முதல் பாடமாம். அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யத் தெரியும்.

ஆனால் இன்னும் ஒரு ராத்திரி பாக்கி இருக்கிறது. அந்த மண் குறையாமல் திரும்பிப் போக வேண்டும். அக்கா ஊர் முன்னால் நின்று சொன்ன சொல் இருக்கிறது.

"முடியாது சார். மன்னிக்கணும்" என்றிருக்கிறான்.

ஏன் என்று கேட்டதற்கு உள்ளதைச் சொல்லியிருக்கிறான். சொல்லச் சொல்ல அவன் இங்கிலீஷ் கால் தடுக்கி விழுந்துகொண்டே போயிருக்கிறது. தலைப்பாகை கட்டிய இன்னொருவர் வாய்விட்டுச் சிரித்து, "மண்ணைத் தொட விடமாட்டேன் என்கிறவனுக்கு மண் படிப்பு எதற்கு?" என்றாராம். பேராசிரியர் சிரிக்கவில்லை. ஆனால் தண்ணீர்க் குவளையைத் திரும்ப நகர்த்தி வைத்துவிட்டாராம்.

இரண்டாம் ராத்திரியும் அந்தப் பை மேலேயே படுத்துவிட்டு வந்து சேர்ந்தான். பூசாரி பையின் தையலைப் பார்த்தார், பிரித்தார், மண்ணை மேடையில் கொட்டினார். தேர் ஓடியது. காப்பு அவிழ்ந்தது. யாருக்கும் ஒரு தலைவலிகூட வரவில்லை. ஊருக்கெல்லாம் சந்தோஷம். குப்புராஜ் மட்டும் எதிலும் ஒட்டாமல் இருந்தான். கொஞ்ச நாளில் கிருஷ்ணகிரியில் ரோடு போடுகிற இடத்தில் தற்காலிக வேலை கிடைத்து, அங்கே போய்விட்டான். போவதற்கு முந்தின நாள்தான் நடந்ததை எங்கள் இருவரிடமும் சொன்னான்.

தான் கொடுத்த சொல்லைத் தம்பி காப்பாற்றினான் என்று அக்கா உருகிப்போவாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவள் முறத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"கேட்டவங்களுக்கு மண்ணு இல்லைன்னு சொல்லிட்டா வந்த?"

"நீதானக்கா குறையாமக் கொண்டாரச் சொன்ன?"

"சொன்னேன். நீ செஞ்சது நாயந்தான். அவரு கேட்டதும் நாயந்தானடா. சோறு இல்லைன்னு சொல்லலாம். ஆனா மண்ணு இல்லைன்னு போயி ஒருத்தர்கிட்டச் சொல்லிட்டு வந்திருக்கானே எங்கப்பன் பெத்தவன்!"

சித்திரை பிறந்தது. ஏரி வற்றியது. ஒருநாள் விடியற்காலையில் என் கடை வாசலில் தீர்த்தக்கா நின்றாள். தலையில் சும்மாடு, அதன்மேல் ஒரு கூடை, கூடை நிறைய மண்.

"பழைய ஊருக்குப் போயி, நம்ம உரலுக்குப் பக்கத்துல தோண்டி எடுத்தாந்தேன். பெங்களூருக்கு வழி காட்டு வெங்கடாசலம். தம்பிகிட்ட மூச்சு வுடாத."

தருமபுரியைத் தாண்டி அறியாதவள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடிதம் எழுதலாம் என்றேன். பார்சல் போடலாம் என்றேன். கூடையை இறக்கவே இல்லை. வேறு வழியில்லாமல் நானும் கிளம்பினேன். கரிவண்டியில் கண்டக்டர் கூடையை மேலே போடச் சொன்னதற்கு, "இதுல எங்கூரு இருக்குதுங்க" என்று மடியிலேயே வைத்துக்கொண்டாள்.  ஓசூர் ரோட்டில் தண்டவாளம் பிடுங்கிய வெற்று மேடு கூடவே ஓடி வந்தது. "ரயிலுக்கும் நம்ம கதிதானாட்டம் இருக்குது" என்றாள்.

காலேஜ் வாசலிலேயே நான் நின்றுவிட்டேன். அவ்வளவு பெரிய கட்டடம், அவ்வளவு சுத்தம், அவ்வளவு அமைதி.  காவல்காரன் தடுத்தான். இவள் கன்னடத்தில் பேசத் தொடங்கினாள். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து மாடு வாங்க வருகிறவர்களிடம் பேசிப் பழகிய கன்னடம். சந்தைக் கன்னடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண் கேட்ட ஐயாவுக்கு மண் கொண்டுவந்திருக்கிறேன் என்றாள். எந்த ஐயா என்று அவன் யோசிக்கவேண்டிய அவசியமே வரவில்லை. மண் கேட்கிற ஐயா அங்கே ஒருவர்தான் இருந்தார்.

பேராசிரியர் தன் சோதனைச் சாலையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். தீர்த்தக்கா கூடையை அவர் காலடியில் இறக்கினாள்.

"எந்தம்பி குப்புராஜ் அன்னைக்கு இல்லைன்னுட்டானாம். அன்னைக்கு இருந்தது எங்க ஆத்தா மண்ணு. அது எங்களுது இல்லீங்க, குடுக்க முடியாது. இது எங்க வூட்டு மண்ணு. எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோங்க" என்றாள் கன்னடத்தில்.

அவர் அவளையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, ஒரு கை எடுத்து முகர்ந்தார், விரலில் தேய்த்தார், நனைத்து உருட்டினார். நூல் மாதிரி இழுபட்டது. ஒரு சின்னப் பித்தளை வளையத்துக்குள் அந்த மண்ணை அடைத்து, தண்ணீரில் வைத்து, மேலே எடைக் கற்களை ஏற்றினார். பக்கத்தில் கடிகாரம் மாதிரி ஒரு முகம், அதில் ஒரு முள். முள் மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்தது. பாரம் ஏற ஏற மண்ணுக்குள் இருக்கிற தண்ணீர் கசிந்து வெளியே போகிறது, மண் இறங்குகிறது, அதைத்தான் முள் காட்டுகிறது என்று அவளுக்கு விளக்கினார்.

தீர்த்தக்கா குனிந்து முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "மண்ணு மூச்சு வுடுதுங்க" என்றாள். பேராசிரியர் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார். நானும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியாத அசைவை ஒரு முள்ளில் பிடித்துக் காட்டுகிறார்களே என்று எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

தம்பிக்குச் சீட்டு உண்டா என்று இப்போதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. இத்தனை வருஷமாக வைத்திருந்ததைத்தான் கேட்டாள்.

"சாமி, எங்கூரு அணைத்தண்ணிக்கு அடியில கெடக்குதுங்க. மழைக்கு முங்குது, கோடைக்குச் சேறா மேல வருது. அடியில எங்க வூடு இருக்குதுங்களா, கரைஞ்சு போயிருச்சுங்களா? இந்த முள்ளு அதைச் சொல்லுமா?"

பேராசிரியர் கையில் ஒட்டிய மண்ணைத் துடைத்தார். "எனக்குத் தெரியாதம்மா" என்றார். "தேசமெல்லாம் அணை கட்டப்போகிறோம். தண்ணீருக்கு அடியில் போன மண் என்ன ஆகிறதென்று இந்தப் பக்கத்தில் யாரும் தோண்டிப் பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை. யாராவது போய் எடுத்து வந்து, உட்கார்ந்து பார்த்தால் சொல்லலாம்."

"எந்தம்பி தோண்டுவானுங்க. அவனுக்கு எங்க வூடு இருக்குற எடம் தெரியும்."

அவர் எழுந்து போய் மேஜையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து, ஒன்றை உருவினார். அன்றைக்கு அவனுக்கு இடமில்லை என்றுதான் முடிவாகியிருந்தது, தகவல் மட்டும் இன்னும் போகவில்லை என்று என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். மற்ற இருவரிடமும் தாம் பேசிக்கொள்வதாகவும், ஆனி பிறந்ததும் அவனை வரச் சொல்லும்படியும் சொன்னார். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து நான் அழுதேன். அவள் வெற்றுக்கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

குப்புராஜ் சேர்ந்தான். இரண்டு வருஷம். ஒவ்வொரு கோடையிலும் நீளமான இரும்புக் குழாய்களோடு பழைய ஊருக்கு வந்து இறங்குவான். உரலிலிருந்து அளந்து, குழாயை அடித்து இறக்கி, உள்ளே சிக்கின மண்ணைக் கலையாமல் மெழுகு பூசிப் பெங்களூருக்குக் கொண்டுபோவான். ஜனங்கள் கரையில் நின்று, படித்த பையன் சேற்றுக்கு ஊசி போடுகிறான் என்று பேசிக்கொண்டார்கள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாயிற்று, பதில் வரட்டும் என்று இருந்தாள்.

நாற்பத்தெட்டாம் வருஷக் கோடையில் படிப்பு முடிந்து வந்தான். புதிதாகக் கட்டப்போகிற ஒரு அணையில் வேலையும் ஆகியிருந்தது. கையில் மரப்பெட்டி. ஏரிக்கரையில், உரல் தெரிகிற இடத்தில் அக்காவை உட்கார வைத்துப் பெட்டியைத் திறந்தான். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த ஒரு மண் உருளை, முழங்கை நீளத்துக்கு.

"தண்ணி பாரம் மண்ணை அழுத்தறதில்லக்கா. மேல படியற வண்டல்தான் அழுத்துது. வருசத்துக்கு வருசம் அழுத்தி, உள்ள இருக்குற தண்ணிய வெளிய தள்ளுது. நம்மூரு கரையல. இறுகிக்கிட்டு இருக்குது" என்றான். பிறகு விரல் வைத்துக் காட்டினான். "மேல சாம்பல் நெறம் வண்டல். கீழ பாரு, இது இடிஞ்ச சுவரு. அதுக்கும் கீழ..."

அதற்கும் கீழே கறுப்பாக, தேய்த்த மாதிரி வழவழப்பாக ஒரு கோடு. அதை ஒட்டி, நகத்தின் கனம்கூட இல்லாமல், சிவப்பாக இன்னொன்று.

தீர்த்தக்கா அந்தச் சிவப்பின்மேல் விரலை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"இது நான் மொழுகினதுடா" என்றாள்.

அன்றைக்கு வண்டிமேல் இருந்து சிரித்தவர்களில் சிலர் அந்தக் கரையிலேயே நின்றிருந்தார்கள். நானும் நின்றிருந்தேன்.